வாரத்துக்கு எத்தனை?

இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களில் பாதிப் பேர் முந்தைய அத்தியாயங்களைத் தாண்டி நேராக இங்கேதான் வந்திருப்பீர்கள். தப்பில்லை. சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கும் எல்லோரும் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி இது: தினமும் போடணுமா, இல்லை வாரத்துக்கு ஒன்று போட்டாலும் உருப்படியாகப் போடணுமா? ஒரு கட்சி, தினமும் போடாவிட்டால் அல்காரிதம் உங்களை மறந்துவிடும் என்று பயமுறுத்தும். இன்னொரு கட்சி, ஒன்று போட்டாலும் நச்சென்று இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதமாக எதையும் போடாமல் இருக்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல், கடையில் கூட்டம், கரன்ட் கட் எல்லாம் சேர்ந்து வருகிற மோசமான வாரம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. அந்த வாரத்தில் தரம் கெடாமல் எத்தனை போட முடியுமோ, அதுதான் உங்கள் எண்ணிக்கை. நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள்தான் மூன்றாவது மாதம் காணாமல் போகிறார்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி, அதற்குள் உழைப்பை எங்கே கொட்டுவது என்பதைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

கம்பெனிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

இந்த விஷயத்தில் வதந்தி அதிகம். அதனால் அந்தந்தத் தளங்கள் தாங்களே வெளியில் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2021-ல் கிரியேட்டர்களுக்குச் சொன்ன அளவு: வாரத்துக்கு இரண்டு பதிவு, நாளுக்கு இரண்டு ஸ்டோரி. அவ்வளவுதான். தினம் மூன்று ரீல்ஸ் போடச் சொல்லி வகுப்பெடுக்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

யூடியூபில் வருமானத் திட்டத்தின் முதல் படியில் ஏற 500 சப்ஸ்கிரைபர் வேண்டும். ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூஸோ வேண்டும். அதோடு கடந்த 90 நாளில் குறைந்தது மூன்று வீடியோ போட்டிருக்க வேண்டும். சராசரியாக மாதம் ஒன்று! வருமானம் வரத் தொடங்கிய பிறகு, ஆறு மாதமோ அதற்கு மேலோ சேனலில் எதுவுமே போடாமல் கிடந்தால் அந்த வருமானத்தை நிறுத்தும் உரிமை யூடியூபுக்கு உண்டு. ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் சேனல் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த ஆறு மாதக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். மறுபக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரே நாளில் எத்தனை வீடியோ ஏற்றினாலும், மணியை அழுத்தி வைத்த சப்ஸ்கிரைபருக்கு ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் மூன்று அறிவிப்புக்கு மேல் போகாது.

சரி, எதைத்தான் எடைபோடுகிறார்கள்? வெறும் வியூஸ் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு யூடியூப் 2012-லேயே மாறிவிட்டது. இன்ஸ்டாகிராமில் எது முக்கியம் என்று 2025 ஜனவரியில் மொசேரி மூன்றைச் சொன்னார்: பார்த்த நேரம், பதிவு போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார்கள். உங்களை ஏற்கெனவே பின்தொடர்கிறவர்களிடம் போய்ச் சேர லைக் கொஞ்சம் கூடுதலாக உதவும். முகம் தெரியாத புது ஆளிடம் போய்ச் சேர, அனுப்புதல்தான் கூடுதலாக உதவும்.

அக்காவுக்கோ நண்பருக்கோ அனுப்பத் தோன்றும்படி ஒன்று செய்தால் அது புது ஆட்களிடம் போகும். இந்த மூன்றிலும் 'இந்த வாரம் எத்தனை போட்டார்' என்ற கணக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். நிறையப் போட்டால் வாய்ப்பு கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவும் தன் வாய்ப்பைத் தானே சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

தினமும் போட்டவர், மாதம் ஒன்று போட்டவர்

அமெரிக்காவின் கேசி நைஸ்டாட் 2015 மார்ச்சில் தினசரி வ்ளாக் தொடங்கினார். நியூயார்க் தெருவில் ஸ்கேட்போர்டில் போவது, ஸ்டூடியோவில் எதையாவது ஒட்டுவது, வெட்டுவது, குடும்பம், விமானப் பயணம் என்று அவருடைய அன்றாட வாழ்க்கையே சரக்கு. தினமும் ஒரு சிறு படம் மாதிரி வெட்டி, இசை சேர்த்து ஏற்றினார். சேனல் மளமளவென்று வளர்ந்தது. 2016 நவம்பரில் தினசரியை நிறுத்திவிட்டார்.

மார்க் ரோபர் இதற்கு நேர் எதிர். நாசாவின் ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருந்தவர். 2011-ல் தொடங்கி இன்றுவரை ஏறத்தாழ மாதம் ஒரு வீடியோதான். பறவைக்கு வைத்த தீனியைத் திருடும் அணில்களுக்காக வீட்டுத் தோட்டத்தில் தடைகள் நிறைந்த ஓடுபாதை கட்டினார். வாசலில் பார்சல் திருடுகிறவர்கள் மேல் மினுமினுப்புத் தூள் கொட்டும் பெட்டி செய்தார். ஒவ்வொன்றும் உண்மையாகவே கட்டி முடிக்க வேண்டிய சாமான். 6 கோடிக்கு மேல் சப்ஸ்கிரைபர்கள்.

இருவருமே ஜெயித்தார்கள் என்றால் யார் வழி சரி? எனக்குப் புரிந்தவரை, இருவரும் தங்கள் கச்சாப்பொருள் எந்த வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்தில் போட்டார்கள். வாழ்க்கையைப் படமெடுக்கிறவருக்கு நாள்தோறும் ஒரு நாள் இலவசமாகக் கிடைக்கிறது. எந்திரம் கட்டுகிறவருக்கு எந்திரம் முடிந்தால்தான் வீடியோ.

நம் பக்கத்திலும் இரண்டுக்கும் சான்று உண்டு. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை நாள்தோறும் இணையத்தில் எழுதினார், 26 நாவல்கள். வற்றாத மூலக்கதை ஒன்று கையில் இருந்ததும், அதற்கு முன்பே கால் நூற்றாண்டுக்கு மேல் எழுதிப் பழகியிருந்ததும் சேர்ந்துதான் அதைச் சாத்தியமாக்கின. எழுத ஆரம்பிக்கிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு நாளையிலிருந்து தினம் ஓர் அத்தியாயம் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018-ல் தொடங்கியது. 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அண்டா வைத்து, ஊருக்கே போதுமான அளவில் சமைத்து, அதை முதியவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பரிமாறுகிறார்கள். அரைப்பதும் நறுக்குவதும் வேகவைப்பதும் ஒரு பகல் பொழுதைத் தின்னும் வேலை. இதைத் தினம் மூன்று முறை செய்ய முடியாது, செய்யவும் இல்லை. அவர்கள் சொல்லும் 'இன்னைக்கு ஒரு புடி'க்காக ஜனங்கள் காத்திருந்தார்கள்.

உங்கள் தொழிலுக்கு வருவோம். கோயம்பேட்டில் காய்கறி விலை தினமும் மாறுகிறது. மொத்த வியாபாரி ஒருவர் காலையில் ஒரு நிமிடம் விலை சொல்லிப் போட்டால் அது தினசரிப் பதிவாக இயல்பாகவே நிற்கும். வரி ஆலோசகருக்கு மாதத்தின் தேதிகளே அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகின்றன: மாதாமாதம் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு ஜிஎஸ்டியில் 11-ம் தேதி ஒரு படிவம், 20-ம் தேதி இன்னொன்று, வழக்கமாக ஜூலை கடைசியில் வருமான வரிக் கணக்கு. அந்தத் தேதிகளுக்கு மூன்று நாள் முன்பு போட்டால் போதும். அவர் தினமும் போட வேண்டுமென்று அடம்பிடித்தால் திருக்குறளும் காலை வணக்கமும் போட ஆரம்பித்துவிடுவார். நிறையப் பேர் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

ஆக, உங்கள் எண்ணுக்கு மேலே ஓர் எல்லை இருக்கிறது, அது சரக்கு வரும் வேகம். கீழே ஓர் எல்லை இருக்கிறது, அது மோசமான வாரம். இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் எங்காவது நிற்க வேண்டும், கீழ் எல்லையை ஒட்டி நிற்பது நல்லது.

தரம் எங்கே இருக்கிறது

தரம் என்றதும் ஆட்கள் கேமரா வாங்கக் கிளம்புகிறார்கள். 4கே, ட்ரோன், சுழன்று வரும் லோகோ, ஐந்து விநாடி அறிமுக இசை. அந்த ஐந்து விநாடியில் பாதிப் பேர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒரு உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் விளங்கும். மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போல நூறு பேரை இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். அவர் தினமும் போடுகிறார். கட்டிலில் சேலையை விரித்து, மேலிருந்து ஒரு படம், பின்னணியில் அந்த வாரத்து ஹிட் பாட்டு, கீழே 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்'. முப்பது நாளில் முப்பது பதிவு. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றைப் பார்த்தவர் இன்னொன்றைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. (விலையை மறைப்பது ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைக்குள் வந்தவரிடம் விலை சொல்ல மாட்டேன் என்று யாராவது சொல்வார்களா?)

இப்போது அதே பெண், அதே போன். சுங்குடியில் புள்ளி எப்படி வருகிறது என்று அவருக்குத் தெரியும்: துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, அப்புறம் சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இருந்த துணி வெள்ளைப் புள்ளியாக மலரும். போனை அந்த முடிச்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். இரண்டு கை துணியை இருபுறமும் பிடித்து இழுக்கிறது, முடிச்சுகள் வரிசையாக அவிழ்கின்றன, சிவப்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வெளியே வருகின்றன. வீடியோவின் முதல் இரண்டு விநாடி இதுதான். வணக்கமெல்லாம் அப்புறம்.

அடுத்து, பார்ப்பவர் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரே ஒரு தகவல். சுங்குடி என்ற பெயரில் அச்சடித்த சேலைகளும் கடையில் உண்டு. இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது? சேலையைத் திருப்பிக் காட்டுங்கள். அச்சடித்ததில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவாக, அளந்து வைத்தது போல இருக்கும், பின்பக்கம் மங்கியிருக்கும். கையால் முடிச்சுப் போட்டதில் ஒரு புள்ளி பெரிதாக, ஒன்று சற்றுக் கோணலாக இருக்கும். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். துவைக்காத புதுத்துணியில் முடிச்சிருந்த இடம் தடவினால் லேசாகச் சுருங்கியிருக்கும். இதைச் சொல்ல நாற்பது விநாடி போதும். சேலை வாங்கப்போகிற தங்கைக்கும் சித்திக்கும் அனுப்பிவைப்பது இப்படிப்பட்ட தகவலைத்தான். மொசேரி சொன்ன அந்த 'அனுப்புதல்' இங்கே நடக்கிறது.

மூன்றாவது, ஒலி. மங்கலான படத்தைச் சகித்துக்கொள்கிறவர்கள்கூட இரைச்சலான குரலைச் சகிக்க மாட்டார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் எடுக்காதீர்கள். காலரில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் முதல் செலவு இதுதான். பஸ்ஸிலும் ஆபீஸிலும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய; அதனால் சொல்வதைப் பெரிய தமிழ் எழுத்தில் திரையிலும் போடுங்கள். எழுத்துப்பிழை பாருங்கள்.

முதல் இரண்டு விநாடி, ஒரு தகவல், ஒலி. உழைப்பை இந்த மூன்றில் கொட்டுங்கள், மற்றதில் கஞ்சத்தனம் காட்டலாம். ஜன்னல் வெளிச்சம் போதும். எடிட்டிங்கில் காட்சிகளை ஒட்டி வெட்டத் தெரிந்தால் போதும். இப்படிப் பிரித்துக்கொண்டால் தரத்துக்கும் எண்ணிக்கைக்கும் நடக்கிற சண்டை பாதி ஓய்ந்துவிடும். நேரத்தைத் தின்றவை பெரும்பாலும் தரத்தில் சேராத வேலைகளாகவே இருந்திருக்கும்.

ஒரு மதியம், ஒரு வாரம்

இனி கணக்கு. ஒரு வீடியோவுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிப் பாருங்கள். எடுப்பதையும் எடிட்டிங்கையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். என்ன எடுப்பது என்று யோசித்த நேரம், இடத்தை ஒழித்த நேரம், கேப்ஷன், தம்ப்நெயில், போட்ட பிறகு கமென்ட்டுக்கும் மெசேஜுக்கும் பதில் சொன்ன நேரம் எல்லாம் சேரும். ஒரு நிமிட ரீலுக்கு நாலரை மணி நேரம் என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மோசமான வாரத்தில் ஆறு மணி நேரம்தான் தேறும் என்றால், உங்களால் வாரத்துக்கு ஒன்றுதான் முடியும். மிச்சம் ஒன்றரை மணி நேரம் ஸ்டோரிக்கு. இந்தக் கணக்கில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு முறை எடுத்ததை ஒரே பதிவாகப் போட்டுத் தீர்க்க வேண்டுமென்று யார் சொன்னது? நம் சுங்குடிக்காரருக்கு வியாழக்கிழமை புது சரக்கு வருகிறது. மதியம் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறார். முடிச்சு அவிழ்ப்பது ஒன்று. சேலையின் முன்பக்கம், பின்பக்கம். ஜன்னலோரம் நின்று மூன்று நிறங்களைத் தோளில் போட்டுக் காட்டுவது. முடிச்சுப் போடுகிற அம்மா சம்மதித்தால் அவர் விரல்கள். இந்தச் சரக்கிலிருந்து ஒரு நிமிட ரீல் ஒன்று. அதுதான் அந்த வாரத்தின் தலைப்பதிவு. மெனக்கெடல் எல்லாம் அதற்கு. பிறகு பதினைந்து விநாடித் துண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில். நிறங்களும் விலையும் போட்ட புகைப்படத் தொகுப்பு ஒன்று. பார்சல் கட்டுவது, மீதமிருக்கும் சேலைகள், வாங்கியவர் அனுப்பிய படம் என்று ஸ்டோரிகள் நாலைந்து.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அப்படித்தான். மறைந்துபோவதற்கு யாரும் சினிமாத் தரம் எதிர்பார்க்க மாட்டார்கள். தினமும் முகம் காட்ட வேண்டும் என்ற அரிப்பை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிரந்தரமாக நிற்கப்போகிற பதிவுகளை எண்ணிப் போடுங்கள். புதிதாக வருகிறவர் உங்களைப் பின்தொடரலாமா என்று முடிவெடுப்பது கடைசிச் சில பதிவுகளைப் பார்த்துத்தான்.

அடுத்த வாரத்துக்கான யோசனை உங்கள் கமென்ட்டிலேயே கிடக்கும். "அக்கா, இது துவைச்சா சாயம் போகுமா?" என்று ஒரு பெண் கேட்கிறார். "முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்கம்மா, நிழல்ல காயப்போடுங்க" என்று பதில் எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். வாளியில் தண்ணீர் பிடித்து, சேலையை முக்கி, தண்ணீரின் நிறத்தைக் கேமராவில் காட்டுங்கள். சாயம் கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும், அதையும் காட்டுங்கள். அந்தக் கேள்வி கேட்காமலே போன ஐம்பது பேருக்கும் அதுதான் பதில்.

ஒன்றை எடுத்து எல்லா இடத்திலும் போடலாம், தவறில்லை. வேறு செயலியின் முத்திரை பதிந்த வீடியோவை மட்டும் அப்படியே ஏற்றாதீர்கள். அப்படிப்பட்ட ரீல்ஸைப் பரிந்துரையில் பின்னுக்குத் தள்ளுவோம் என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது. முத்திரை இல்லாத மூலக் கோப்பைப் போனில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமையும் கையிருப்பும்

தமிழ் வாசகர்கள் வாரத்துக்காகக் காத்திருந்து பழகியவர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தது. வாரத்துக்கு ஒரு முறை வருகிறதே என்று யாரும் அதைக் கைவிடவில்லை. எந்தக் கிழமை வரும் என்று தெரிந்திருந்தது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் கிழமை மாறாமல் இருக்கட்டும். வெள்ளி மாலை ஏழு மணி என்றால் வெள்ளி மாலை ஏழு மணி.

இதற்குக் கையிருப்பு வேண்டும். முடித்துவைத்த பதிவுகள் மூன்று எப்போதும் போனில் இருக்க வேண்டும். காலத்தால் பழசாகாதவையாகத் தேர்ந்தெடுங்கள்: சேலையை மடித்து வைப்பது எப்படி, எந்த நிறத்துக்கு எந்த ரவிக்கை. இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் 75 நாள் முன்கூட்டியே தேதி குறித்து வைக்கலாம். யூடியூப் ஸ்டூடியோவிலும் தேதி, நேரம் குறிக்கலாம். நல்ல வாரம் வரும்போது கூடுதலாகப் போட்டுத் தீர்த்துவிடாமல் இந்த இருப்பில் சேர்த்துவையுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பிள்ளைகளின் பொதுத்தேர்வு என்று நமக்கு மோசமான வாரங்கள் முன்னறிவிப்போடுதான் வருகின்றன.

கையிருப்பும் தீர்ந்து, உடம்பும் ஒத்துழைக்காத நேரம் வரும். கனடாவைச் சேர்ந்த எல் மில்ஸ் என்ற யூடியூபர் 2018-ல், பத்தொன்பது வயதிலேயே தான் களைத்து ஓய்ந்துபோய்விட்டதாக வீடியோ போட்டு அழுதார். வளர்ச்சியின் உச்சத்தில் இருந்தபோது நடந்தது அது. இரண்டு வாரம் வரமாட்டேன் என்று ஒரு ஸ்டோரியில் சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள்.

எவற்றை விட்டுவிடலாம்?

பண்டிகை வாழ்த்துப் படங்களை முதலில் நிறுத்துங்கள். லோகோவை மூலையில் ஒட்டிய அட்சய திருதியை வாழ்த்தை யாரும் சேமித்து வைத்ததில்லை. அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுவதையும் விடுங்கள். அசல் இல்லாதவற்றை 30 நாளில் பத்து முறையோ அதற்கு மேலோ போடும் கணக்குகளைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக இன்ஸ்டாகிராம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரே அச்சில் நாளுக்குப் பத்து வீடியோ வார்க்கிறவர்களுக்கும் கதவு சாத்தப்படுகிறது: மொத்தமாக உற்பத்தி செய்த, திரும்பத் திரும்ப வரும் வீடியோக்களுக்கு வருமானம் கிடையாது என்ற விதியை யூடியூப் 2025 ஜூலையில் இன்னும் தெளிவாக எழுதிவைத்தது.

ட்ரெண்டிங் பாட்டுக்கு ஆடுவது உங்கள் தொழிலோடு ஒட்டினால் செய்யுங்கள். ஒட்டாவிட்டால் வருகிற ஆட்களும் ஒட்ட மாட்டார்கள்.

புதியவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

இதுவரை சொன்னது கை கொஞ்சம் பழகியவர்களுக்கு. முதல் இரண்டு மூன்று மாதம் உங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. அது ஒரு வசதி. அந்தக் காலத்தில் எண்ணிக்கையைக் கூட்டி, மெருகைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டவும் பேசவும் கூச்சம் போகவும் வேறு வழியில்லை. இன்று உலகிலேயே அதிகச் சப்ஸ்கிரைபர் வைத்திருக்கும் மிஸ்டர்பீஸ்ட் 2012-ல், பதின்மூன்று வயதில் வீடியோ போட ஆரம்பித்தார். ஒன்றிலிருந்து ஒரு லட்சம் வரை கேமரா முன் உட்கார்ந்து எண்ணிய வீடியோ 2017 ஜனவரியில் வந்த பிறகுதான் பெரிதாகத் திரும்பிப் பார்த்தார்கள். இடையில் ஐந்து வருடம் சின்னச் சின்ன வீடியோக்கள். வளர்ந்த பிறகு அவர் போன வழியோ எண்ணிக்கையைக் குறைத்துச் செலவைக் கூட்டுகிற வழி.

ஏற்கெனவே ஆட்கள் சேர்ந்துவிட்ட கணக்கில் புதிதாக எதையாவது முயன்று பார்க்க, 2024 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த சோதனை ரீல்ஸ் வசதி உதவும். உங்களைப் பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டும். தேறினால் எல்லோருக்கும் திறந்துவிடலாம், தேறாவிட்டால் உங்கள் ஆட்களுக்குத் தெரியப்போவதில்லை.

கூட்டுவதா, குறைப்பதா?

தினமும் ரீச் பார்க்கிற பழக்கம் மனிதனைக் கெடுக்கும். மாதம் ஒரு முறை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். யூடியூபில் வீடியோவின் 30-வது விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று ஸ்டூடியோ காட்டும். கோடு எங்கே செங்குத்தாக விழுகிறதோ அங்கே என்ன பேசினீர்கள் என்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே அறிமுகம் நீண்டிருக்கும். இன்ஸ்டாகிராமில் அனுப்பப்பட்டவற்றையும் சேமிக்கப்பட்டவற்றையும் பாருங்கள்.

கடைசிப் பத்துப் பதிவுகளை அனுப்பப்பட்ட எண்ணிக்கைப்படி வரிசையாக எழுதுங்கள். மேலே இருக்கும் வைரலையும் கீழே படுத்துவிட்டதையும் விட்டுவிட்டு, நடுவில் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் இருப்பதைப் பாருங்கள். உங்கள் உண்மையான நிலை அதுதான். வாரத்துக்கு ஒன்றை இரண்டாக்கி ஆறு வாரம் ஓட்டிய பிறகும் அந்த நடு எண் விழாமல் இருந்தால் இரண்டிலேயே இருங்கள். விழுந்தால், மொத்த வியூஸ் எவ்வளவு கூடியிருந்தாலும் ஒன்றுக்குத் திரும்புங்கள். எண்ணிக்கையையும் நேரத்தையும் பாணியையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்று.

கடைசியாக, வியாபாரத்துக்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள் நோட்டில் இன்னொரு பத்தியும் போடுங்கள்: எந்தப் பதிவைப் பார்த்து வந்தீர்கள் என்று வாங்குகிறவரிடம் கேட்டு எழுதுகிற பத்தி. பத்தாயிரம் பேர் பார்த்து ஒரு சேலைகூடப் போகாத ரீலும் உண்டு, நானூறு பேர் பார்த்து ஆறு சேலை போன ரீலும் உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எடுக்க வேண்டியது இரண்டாவது மாதிரியைத்தான்.